லாயத்துல வச்ச தோட்டா ஏன் விரிசல் விட்டது?



எங்க ஊர்ப் பக்கம் பெரியவங்ககிட்ட ஒரு பழக்கம் இருந்தது. பித்தளைச் சாமானை மாட்டுச்சாளைக்குள்ள ராத்தங்க விட மாட்டாங்க. பால் கறக்கிற செம்பு, கறந்த கையோட வீட்டுக்கு வந்திரணும். சாளை எறவாணத்துல பித்தளைத் தூக்கை மாட்டி வச்சா, "எடுத்து உள்ள வைடா, மூத்திர வாடை பட்டா பித்தளை கெட்டுப் போகும்"னு சத்தம் வரும். இரும்புச் சங்கிலி, கொழு, மம்மட்டி எல்லாம் சாளையிலேயே கிடக்கும். பித்தளைக்கு மட்டும் அந்த மரியாதை.

மழைக்காலத்துல காலையில சாளைக் கதவைத் திறந்தா மூக்கைத் துளைச்சு கண்ணுல தண்ணி வர வைக்கும் பாருங்க ஒரு வாடை, அதுக்குப் பேரு அம்மோனியா. இந்த வாடை வெள்ளைக்காரனோட பட்டாளத்தையே பல வருஷம் குழப்பி வச்ச கதைதான் இன்னைக்குப் பதிவு. கதையில துப்பாக்கித் தோட்டா வரும், பித்தளையைக் காய்ச்சி ஆற வைக்கிற வேலை வரும், குண்டை வாயில கவ்வ வைக்கிற வேலையும் வரும். தோட்டா செய்யச் சொல்லிக் கொடுக்கிற பதிவு இல்லைங்க இது. நம்ம நாட்டுல உரிமம் இல்லாம அந்த வேலையைத் தொடவே கூடாது. காட்டுப்பன்னிக்குப் பயந்து உரிமம் வாங்கி ஒற்றைக்குழல் துப்பாக்கி வச்சிருக்கிற விவசாயிகூட, தேர்தல் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைச்சுட்டு ரசீது வாங்கிட்டு வர்ற நாடு இது. இது வரலாறு மட்டும்தான்.

காகிதத் தோட்டாவும் 1857ம்

பித்தளைக்கு முன்னாடி தோட்டா காகிதத்துல இருந்தது. ஒரு வெடிக்கு வேண்டிய கருமருந்தும் ஈயக் குண்டும் ஒரு காகிதச் சுருளுக்குள்ள இருக்கும். சிப்பாய் அந்தச் சுருளைப் பல்லால கடிச்சுப் பிரிச்சு, மருந்தைக் குழல் வாய் வழியாக் கொட்டி, குண்டை உள்ளே தள்ளி, கம்பியால இடிக்கணும். 1853ஆம் வருஷத்து மாதிரியான என்ஃபீல்டு துப்பாக்கிக்கு வந்த தோட்டாவுல, குண்டு சுலபமா இறங்க கொழுப்பு தடவியிருந்தது.

அந்தக் கொழுப்பு பசுவோடதும் பன்னியோடதும்னு பேச்சு கிளம்பினது 1857 ஜனவரியில, கல்கத்தா பக்கத்துல இருக்கிற டம்டம்முல. மார்ச் 29ஆம் தேதி பாரக்பூர்ல மங்கள் பாண்டே. மே 10ஆம் தேதி மீரட். மிச்சம் நாம பள்ளிக்கூடத்துல படிச்சதுதான். அதுக்கு வேற காரணங்கள் எத்தனையோ இருந்தன. ஆனா ஒரு தோட்டாவை எதால செய்யறோம், அதை ஒரு மனுஷன் எப்படிக் கையாளறான்ங்கறது சாம்ராஜ்யத்தையே ஆட்டிப் பார்க்கும்னு அன்னைக்குத் தெரிஞ்சு போச்சு.

கொஞ்ச காலத்துலயே குழல் வாய் வழியா இடிச்சு நிரப்புற துப்பாக்கி போய், பின்பக்கம் திறந்து தோட்டாவை வைக்கிற துப்பாக்கி வந்தது. உலகம் முழுக்க அந்தப் பக்கம்தான் போய்க்கிட்டிருந்தது. 1866ல பிரிட்டிஷ் ராணுவம் பழைய என்ஃபீல்டுகளையே அறுத்து, பின்பக்கம் மூடி வச்சு, ஸ்னைடர் துப்பாக்கியா மாத்துச்சு. அதுக்குத் தோட்டா செஞ்சு கொடுத்தவர் வூலிச் ஆயுதச் சாலையில இருந்த கர்னல் பாக்சர். மெல்லிசான பித்தளைத் தகட்டைப் பாய் சுருட்டுற மாதிரி சுருட்டி, அடியில இரும்பு வட்டு வச்சு, நடுவுல வெடிமூட்டி வச்ச தோட்டா அது. கடிக்க வேண்டியதில்லை. இடிக்க வேண்டியதில்லை.

இன்னொன்னும் சொல்லணும். 1857க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்க்கு எப்பவும் ஒரு தலைமுறை பழைய துப்பாக்கிதான். வெள்ளைக்காரச் சிப்பாய் கையில மார்ட்டினி-ஹென்றி வந்தப்போ நம்மாளு கையில ஸ்னைடர். அவங்க அடுத்ததுக்குப் போனப்போ இவங்களுக்கு மார்ட்டினி-ஹென்றி. பயம் போகலை.

சுருட்டின தகடு கைவிட்ட நாள்

1871ல ஏத்துக்கிட்ட மார்ட்டினி-ஹென்றிக்கு குண்டு 480 கிரெயின், அதாவது 31 கிராம். மருந்து 85 கிரெயின், சுமார் ஐந்தரை கிராம். பெரிய தோட்டா. அதுவும் முதல்ல சுருட்டின தகட்டுல செஞ்சதுதான்.

தோட்டாக் கூட்டோட வேலை மருந்தைச் சுமக்கறது மட்டும் இல்லைங்க. வெடிக்கிற நொடியில அந்தக் கூடு ஊதிப் பெருத்து, குழலோட உள்சுவத்துல ஒட்டிக்கணும். அப்பத்தான் வெடிவாயு பின்னால சுடறவன் முகத்துக்கு வராம, முன்னால குண்டைத் தள்ளும். அடுத்த நொடியே அந்தக் கூடு கொஞ்சம் சுருங்கி, கொக்கி இழுத்தா வழுக்கிக்கிட்டு வெளியே வரணும். ஊதவும் வேணும், சுருங்கவும் வேணும். ரெண்டும் நடக்கலைன்னா துப்பாக்கி வெறும் தடிதான்.

1885 ஜனவரி 17ஆம் தேதி சூடான் பாலைவனத்துல அபு கிளேங்கற இடத்துல சண்டை. வெயில், புழுதி, சுட்டுச் சுட்டு கருமருந்துக் கரி அடைச்ச குழல். கொக்கி இழுத்தா அடி வட்டு மட்டும் பிய்ஞ்சு வந்தது, தகடு உள்ளேயே சிக்கிக்கிச்சு. ஈட்டியோட ஓடி வர்றவனை எதிர்ல வச்சுக்கிட்டு, கத்தி முனையால குழலைத் தோண்டிக்கிட்டு நின்னா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. லண்டன்ல பெரிய பேச்சாச்சு. சுருட்டின தகடு போய், ஒரே துண்டுப் பித்தளையில இழுத்துச் செஞ்ச கூடு வந்தது இப்படித்தான்.

அப்புறம் 1888ல லீ-மெட்ஃபோர்டு, .303 தோட்டா. 1891ல கருமருந்துக்குப் பதிலா புகை குறைஞ்ச கார்டைட் மருந்து. கயிறு மாதிரி இழை இழையா இருக்கிறதால ஆங்கிலத்துல கயிறுங்கற சொல்லை வச்சே அதுக்குப் பேரு வச்சாங்க. நம்ம நீலகிரியில குன்னூர் பக்கத்துல அருவங்காடு இருக்கே, அங்க 1900களின் தொடக்கத்துல வந்த தொழிற்சாலைக்குப் பேரே கார்டைட் ஃபேக்டரி. ஊட்டி ரயில்ல போறப்போ ஜன்னல்ல எட்டிப் பார்த்திருப்பீங்க. இந்தக் கதையில நம்ம பக்கத்துக்கும் ஒரு ஓரம் இருக்குன்னு சொல்லத்தான் இதைச் சொன்னேன்.

பித்தளையை இழுக்கிற வித்தை

ஒரு கூடு எப்படி உருவாகுதுன்னு தெரிஞ்சாத்தான் விரிசல் கதை புரியும்.

செம்பு 70 பங்கு, துத்தநாகம் 30 பங்கு. இந்தக் கலவைக்கே தோட்டாப் பித்தளைன்னு ஆங்கிலத்துல பேரு. இதைவிட நல்லா இழுபடுற பித்தளை கிடையாது. முதல்ல தகட்டுல இருந்து காசு மாதிரி ஒரு வட்டம் வெட்டுவாங்க. அச்சுல வச்சு அமுக்கினா கிண்ணம் ஆகும். அந்தக் கிண்ணத்தை இன்னும் சின்ன அச்சு வழியா இழுத்தா டம்ளர் ஆகும். இன்னும் இழுத்தா நீளக் குழாய். கடைசியா அடியைத் தட்டித் தட்டி விளிம்பு எடுத்து, வாய்ப் பக்கத்தைக் குறுக்கிக் கழுத்து எடுத்தா கூடு.

சொல்ல ஒரு நிமிஷம். ஆனா பித்தளைக்கு ஒரு குணம் உண்டு. அடிக்க அடிக்க, இழுக்க இழுக்க, அது இறுகிக்கிட்டே போகும். ஒரு கட்டுக்கம்பியை ஒரே இடத்துல நாலு தடவை மடிச்சு நிமித்துங்க. முதல் தடவை சுலபமா மடங்கும். போகப் போக முரண்டு பிடிக்கும். கடைசியில பட்டுன்னு ஒடியும். பித்தளையும் அப்படித்தான். அதனால ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவுல அதை 600 டிகிரிக்கு மேல காய்ச்சி ஆற வைக்கணும். ஆங்கிலத்துல அனீலிங்னு சொல்றது இதைத்தான். காய்ச்சினதும் உள்ளே நசுங்கிக் கிடந்த பொடிமணிகள் எல்லாம் புதுசா உருவெடுக்கும். பித்தளை மறுபடி பச்சைப் பிள்ளை மாதிரி ஆயிடும். அடுத்த இழுப்புக்குத் தயார்.

வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சு நமக்குச் சொன்ன வித்தை இல்லைங்க இது. திருப்பூர்ப் பக்கம் அனுப்பர்பாளையத்துல பாத்திரம் அடிக்கிறவங்களைப் பாருங்க. தகட்டைக் குழிச்சு அடிப்பாங்க, முரண்டு பிடிச்சா உலையில காய்ச்சுவாங்க, மறுபடி அடிப்பாங்க. காய்ச்சாம அடிச்சா குடம் வாய் பிளந்திரும்னு அந்தப் பட்டறையில வேலை பழகுற பையனுக்கும் தெரியும்.

ஒரு வித்தியாசத்தையும் கவனிக்கணும். கொல்லுப்பட்டறையில அருவாளைக் காய்ச்சித் தண்ணியில முக்கினா பதம் ஏறும், இறுகும். பித்தளை அப்படி இல்லை. காய்ச்சினா இளகும். தண்ணியில முக்கினாலும் இறுகாது. ரெண்டுக்கும் நெருப்புதான், ஆனா ரெண்டும் வேற வேற சாதி.

தோட்டாக் கூட்டுல இன்னொரு சூட்சுமம். மொத்தக் கூடும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. அடிப்பக்கம் இறுகி இருக்கணும், ஏன்னா வெடிப்போட முழு அழுத்தத்தையும் தாங்கறது அதுதான். வாய்ப்பக்கம் இளகி இருக்கணும், ஏன்னா ஊதிச் சுருங்கற வேலை அங்கதான் அதிகம். ஒரு விரல் நீளத்துக்குள்ள கீழ கல்லு மாதிரியும் மேல கனிஞ்சும் இருக்கணும். கடைசி வேலையா கழுத்தை மட்டும் காய்ச்சறதுக்குக் காரணம் அதுதான்.

கவ்வ வைக்கிறது

மருந்து போட்டு, குண்டை வாயில வச்சாச்சு. சும்மா சொருகி வச்சா போதாது. சிப்பாய் இடுப்புப் பையில குலுங்கும், கழுதை முதுகுல குலுங்கும், துப்பாக்கி உதைக்கிற உதையில பெட்டியில மிச்சம் இருக்கிற தோட்டாக்கள் ஆட்டம் காணும். குண்டு உள்ளே அழுந்திட்டா அழுத்தம் தாறுமாறா ஏறும். வெளியே நழுவிட்டா மருந்து கொட்டும், ஈரம் புகும். அதனால கூட்டோட வாயைக் குண்டு மேல அமுக்கிக் கவ்வ வைப்பாங்க. சில தோட்டாவுல வாயைச் சுத்தி வளையமா அமுக்கியிருக்கும், சிலதுல அங்கங்க குழி குத்தியிருக்கும். இதுக்குப் பேரு கிரிம்பிங். கரண்டு வயர் முனையில லக் வச்சு அமுக்கறோமே, எலக்ட்ரீசியன் அதையும் கிரிம்பிங்னுதான் சொல்வார். ரெண்டும் ஒரே வேலை.

இங்க ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்குங்க. கழுத்தைக் காய்ச்சி இளக்கினது எப்போ? கூடு செய்யறப்போ. வாயை அமுக்கினது எப்போ? மருந்தும் குண்டும் போட்ட பிறகு. மருந்து போட்டதுக்கு அப்புறம் யாரும் நெருப்புப் பக்கத்துல கொண்டு போக முடியாது. ஆக, கடைசியா அமுக்கின அமுக்கு அப்படியே உள்ளே நிக்கும். வெளியே பார்த்தா பளபளன்னு இருக்கும். உள்ளே ஒரு பகுதி இன்னொரு பகுதியை இழுத்துப் பிடிச்சுக்கிட்டே இருக்கும்.

இந்த உள்ளிழுப்பை நகரத்துக்காரங்களுக்கு எப்படிச் சொல்றது? மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடறதைக் கேள்விப்பட்டிருப்பீங்க. சக்கரத்தை விடக் கொஞ்சம் சின்னதா பட்டாவை அடிச்சு, வரட்டி நெருப்புல காய்ச்சி விரிய வச்சு, மரச் சக்கரத்து மேல மாட்டித் தண்ணி ஊத்துவாங்க. பட்டா சுருங்கிச் சக்கரத்தை நெரிச்சுப் பிடிக்கும். அதுக்கப்புறம் வண்டி ஓடினாலும் ஓடாட்டியும், ராத்திரி பகல்னு பார்க்காம அந்தப் பட்டா இழுபட்டுக்கிட்டேதான் இருக்கும். பார்க்கிறவனுக்கு அது சும்மா கிடக்கிற இரும்பு. தோட்டா வாயும் அப்படித்தான்.

மழைக்காலம் வந்தது

நம்ம நாட்டுல மழைக்காலம்னா பட்டாளத்துக்கு ஓய்வு. ஆறு கரை புரளும், சேத்துல பீரங்கி நகராது, குதிரை கால் ஊனாது. அதனால தென்மேற்குப் பருவம் ஆரம்பிச்சா தோட்டாப் பெட்டிகளை மழை படாத இடத்துல அடுக்கி வச்சிருவாங்க. கூரை நல்லா இருக்கிற, காவலுக்கு ஆள் இருக்கிற, காலியிடம் கிடைக்கிற கட்டடம் எது? குதிரை லாயம். அங்க அடுக்கினாங்க.

மழை ஓய்ஞ்சு பெட்டியைத் திறந்தா, புதுத் தோட்டாவுல விரிசல். யாரும் சுடலை, யாரும் கீழே போடலை. வச்ச இடத்துல வச்ச மாதிரியே இருந்தது. ஆனா கூடு நெடுக்க வெடிச்சுக் கிடந்தது. அதிலும் குண்டைக் கவ்வ வச்ச அந்த வாய்ப் பக்கம்தான் மோசம்.

சின்ன விரிசல்தானேன்னு விட முடியாது. வாய் வெடிச்சா குண்டுப் பிடி விட்டுப் போச்சு. ஈரம் மருந்துக்குள்ள போகும். விரிசல் கீழ வரைக்கும் ஓடியிருந்தா வெடிவாயு பின்னாடி வரும். சுடறவனோட கண்ணுக்கு முன்னாடி இருக்கிற சாமான் அது. எந்தத் தோட்டா நல்லது, எது கெட்டதுன்னு ஒவ்வொன்னா உருட்டிப் பார்த்தாத்தான் தெரியும். சண்டை நடுவுல எவன் உருட்டிப் பார்ப்பான்?

பருவம் மாறும்போது வருதுன்னு இதைப் பருவ வெடிப்புன்னு பேசினாங்க. ஆங்கிலத்துல சீசன் கிராக்கிங். காரணம் தெரியாத நோய்க்கெல்லாம் "காத்துக் கருப்பு"ன்னு நாம பேரு வைக்கிற மாதிரிதான் இதுவும். பேரு வச்சதும் பாதி ஆறுதல் வந்திருது. மழை பேரைச் சொல்லிட்டா அப்புறம் யார் மேலயும் குத்தம் இல்லை. லாயத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு விளக்கம் கிடைக்க 1921 வரைக்கும் ஆச்சு.

1921ல கிடைச்ச விடை

மூர், பெக்கின்சேல், மாலின்சன்னு மூணு பேர். 1921ல அவங்க வெளியிட்ட ஆய்வுதான் முடிச்சை அவிழ்த்தது. சுருக்கமா அவங்க சொன்னது இது. பித்தளைக்குள்ள ஏற்கெனவே இழுப்பு நிக்குது. அது மட்டும் இருந்தா உடையாது. லாயத்துல குதிரை மூத்திரத்துல இருந்து கிளம்பற அம்மோனியா காத்துல நிக்குது. அது மட்டும் பட்டாலும் பித்தளை லேசா கருக்குமே தவிர சீக்கிரத்துல வெடிக்காது. ரெண்டும் சேரணும். சேர்ந்தா வெடிக்கும்.

மூத்திரத்துல யூரியா இருக்கிறது நம்ம எல்லாருக்கும் தெரியும். தரையில விழுந்ததும் மண்ணுல இருக்கிற நுண்ணுயிர்கள் அதை உடைச்சு அம்மோனியாவா மாத்தும். வயல்ல யூரியா தூவி மண்ணு மூடாம விட்டா தழைச்சத்து காத்துல போயிரும்னு வேளாண்மை அதிகாரிகள் சொல்றது இதே வேலையைத்தான். மழைக்காலத்துல லாயத்தை மூடி வச்சிருப்பாங்க. காத்தோட்டம் கிடையாது. எல்லாத்து மேலயும் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் படியும். அந்த ஈரத்துல அம்மோனியா கரையும். காத்துல இருக்கிற ஆக்சிஜனும் சேர்ந்துக்கும். இந்தக் கூட்டு செம்பைத் தின்னும். மயில்துத்தக் கரைசல்ல அம்மோனியாவை ஊத்தினா அடர் நீலமா மாறும்னு பள்ளிக்கூடத்துல செஞ்சு காட்டியிருப்பாங்க, செம்பும் அம்மோனியாவும் அவ்வளவு பிரியமா சேரும்.

ஆனா மொத்தப் பித்தளையையும் தின்னாது. பொடிமணிகளுக்கு நடுவுல இருக்கிற சந்து வழியாப் புகும். மண்ணு வச்சுக் கட்டின கல்லுக்கட்டுச் சுவத்தை நினைச்சுக்குங்க. மழைத்தண்ணி கல்லைக் கரைக்காது, நடுவுல இருக்கிற மண்ணைத்தான் கரைக்கும். சுவத்து மேல பாரம் இல்லைன்னா கொஞ்ச காலம் நிக்கும். பாரம் இருந்தா அன்னைக்கே சரியும். பித்தளைக்குப் பாரம் வெளியில இருந்து வரலை, அதோட உள்ளேயே இருந்தது. சந்து கொஞ்சம் திறந்ததும் உள்ளிழுப்பு அதை இழுத்துப் பிளந்தது. பிளந்த இடத்துல அம்மோனியா இன்னும் ஆழமாப் போச்சு.

விடை தெரிஞ்சா மருந்தும் தெரியும். ஒண்ணு, லாயத்துல வைக்காதே. ரெண்டாவது மருந்துதான் முக்கியமானது: செஞ்சு முடிச்ச பித்தளையை 250, 300 டிகிரி அளவுக்கு மெதுவாச் சூடு காட்டி ஆற வை. 600 டிகிரிக்குக் காய்ச்சினா பித்தளை கொழகொழன்னு இளகிடும், அடிப்பக்கம் தாங்காது. ஆனா இந்த இளஞ்சூட்டுல ஒரு அதிசயம் நடக்கும். இறுக்கம் அப்படியே இருக்கும், உள்ளிழுப்பு மட்டும் விட்டுப் போகும். உரம் குறையாம கோபம் மட்டும் அடங்கற மாதிரி. மூரும் பெக்கின்சேலும் இதையும் சோதிச்சு எழுதினாங்க.

உள்ளே இழுப்பு மிச்சம் இருக்கான்னு கண்டுபிடிக்க ஒரு சோதனையும் வந்தது. பாதரச உப்புக் கரைசல்ல பித்தளைத் துண்டை முக்குவாங்க. உள்ளே இழுப்பு இருந்தா கொஞ்ச நிமிஷத்துலயே விரிசல் விட்டுக் காட்டிக் கொடுத்திரும். பல மழைக்காலம் செய்யற வேலையை ஒரு கிண்ணத்துல செஞ்சு பார்க்கிற மாதிரி.

கையால தோட்டா செய்யறவங்க

ராணுவத்துக்கு ஒரு கூடு ஒரு தடவைதான். ஆனா அமெரிக்காவுல ஆரம்பத்துல இருந்தே சுட்ட கூட்டை எடுத்து வச்சு மறுபடி நிரப்புற பழக்கம் உண்டு. மேற்குச் சமவெளியில எருமை வேட்டைக்காரங்க கடை கண்ணி இல்லாத இடத்துல மாசக்கணக்கா இருந்தாங்க. பித்தளை விலை அதிகம். கூட்டைப் பொறுக்கி, புது வெடிமூட்டி வச்சு, மருந்து போட்டு, தாங்களே வார்த்த ஈயக் குண்டை வச்சு அமுக்கிக்கிட்டாங்க. 1884ல ஜான் பார்லோங்கறவர் ஐடியல்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சு, இடுக்கி மாதிரி ஒரு கைக்கருவி வித்தார். அந்த ஒரே இடுக்கியில பெரும்பாலான வேலை முடிஞ்சிரும். இன்னைக்கும் அந்த நாட்டுல அது பெரிய பொழுதுபோக்கு.

அவங்களும் இதே பித்தளைக் குணத்துல போய் முட்டினாங்க. ஒவ்வொரு தடவை சுடும்போதும் கழுத்து ஊதும். மறுபடி நிரப்ப அதை அச்சுல அமுக்கிச் சின்னதாக்கணும். வாயை விரிச்சுக் குண்டை வச்சு, திருப்பிக் கவ்வ வைக்கணும். ஊதி, அமுக்கி, ஊதி, அமுக்கி, அந்தக் கட்டுக்கம்பிக் கதைதான். நாலு அஞ்சு சுற்றுல கழுத்து இறுகி, குண்டை ஒரே சீராப் பிடிக்காது. அப்புறம் நெடுக்க வெடிக்கும். அதனால கழுத்தை மட்டும் காய்ச்சற வேலையை அவங்களும் கத்துக்கிட்டாங்க. பழைய முறையில ஒரு தட்டுல தண்ணி ஊத்தி, கூடுகளைப் பாதி உயரம் தண்ணியில நிக்க வச்சு, தண்ணிக்கு மேல தெரியிற கழுத்துல தீ காட்டி, அப்படியே தண்ணிக்குள்ள தள்ளி விடுவாங்க. தண்ணி எதுக்குன்னா கழுத்தைக் குளிர வைக்க இல்லை. அடிப்பக்கத்துக்குச் சூடு இறங்காம காக்க. அடி இளகிட்டா அந்தக் கூடு அடுத்த வெடிக்குச் சுடறவன் முகத்துக்கே எமன்.

ராணுவத் தோட்டாக்களைப் படத்துலயாவது உத்துப் பாருங்க. கழுத்துல இருந்து தோள்பட்டை வரைக்கும் நீலமும் பழுப்புமா ஒரு கறை மாதிரி இருக்கும். அழுக்கு இல்லை அது. கழுத்தைக் காய்ச்சின அடையாளம். கடையில விக்கிற தோட்டாவுல அழகுக்காக அதைத் தேய்ச்சுப் பளபளப்பாக்கிடுவாங்க. ராணுவத்துல தேய்க்காம விட்டிருவாங்க, வேலை நடந்திருக்குன்னு பார்த்தாலே தெரியணும்னு.

நமக்கு இதுல என்ன?

துப்பாக்கியை விட்டிருங்க. பித்தளை நம்ம வீட்டுலயும் தோட்டத்துலயும் நிறைய இருக்கு. மருந்தடிக்கிற ஸ்பிரேயர் நாசில், கேட் வால்வு, சொட்டுநீர்க் குழாயோட இணைப்பு, மோட்டார் ஸ்டார்ட்டர் உள்ளே இருக்கிற முனைகள். அடிச்சோ அமுக்கியோ இழுத்தோ முறுக்கியோ செஞ்சது எல்லாத்துக்குள்ளயும் கொஞ்சம் இழுப்பு நிக்கலாம். அதைக் கொண்டு போய் எங்க வைக்கிறோம்? பாதிப் பேரு உர மூட்டைக்குப் பக்கத்துல. மீதிப் பேரு மாட்டுச்சாளை மூலையில. அம்மோனியம் சல்பேட்டும் யூரியாவும் ஈரம் குடிச்சு நிக்கிற அறையும், மழைக்கால லாயமும் பித்தளைக்கு ஒண்ணுதான். போன வருஷம் வாங்கின நாசில் இந்த வருஷம் மரையைத் திருகும்போது நெடுக்கப் பிளந்தா, "மட்டமான பித்தளை"ன்னு கடைக்காரரைத் திட்டுறோம். சில நேரம் மட்டமாவே இருக்கலாம். ஆனா வச்ச இடத்தையும் ஒரு தடவை பார்க்கணும்.

நகரத்துல இருக்கிறவங்களுக்கும் இது உண்டு. அம்மோனியா கலந்த துடைக்கிற திரவத்தைப் பித்தளைக் குழாய் மரை மேல ஊறவிடாதீங்க. இறுக்கி முடுக்கின நட்டு மேல அது நின்னா வேலையைக் காட்டும். குத்துவிளக்குக்கு அவ்வளவு பயம் வேண்டாம், அதுல பெரும்பாலும் வார்ப்பு வேலை, அடிச்சு இழுத்தது இல்லை. அடிச்ச குடம், தகட்டுல செஞ்ச தூக்கு, இதுகளைத்தான் வாடை படாம வைக்கணும்.

எனக்கு இந்தக் கதையில மனசுல நிக்கிறது ஒண்ணுதான். அந்தத் தோட்டா லாயத்துல வெடிச்சது. ஆனா வெடிப்பு வந்தது லாயத்துல இல்லை. எங்கேயோ ஒரு அச்சுல அமுக்கின நாளே அது உள்ளே போயிருச்சு. மழையும் குதிரையும் அதைத் திறந்து காட்டின, அவ்வளவுதான். செஞ்ச இடத்துல ஒரு இளஞ்சூடு காட்டியிருந்தா விரிசல் பெருமளவு குறைஞ்சிருக்கும். பழியெல்லாம் பருவத்து மேல போச்சு. அந்தப் பேரு இன்னைக்கு வரைக்கும் உலோகப் புத்தகங்கள்ல அப்படியே இருக்கு.

எங்க பெரியவங்களுக்கு அம்மோனியாவும் தெரியாது, உள்ளிழுப்பும் தெரியாது. "மூத்திர வாடை பட்டா பித்தளை கெட்டுப் போகும்"னு மட்டும் தெரிஞ்சிருந்தது. அந்த ஒரு வரியை லாயத்துக் குதிரைக்காரங்ககிட்ட எந்த அதிகாரியாவது கேட்டிருந்தா, விடை 1921 வரைக்கும் காத்திருந்திருக்குமான்னு தெரியலை. குதிரைக்காரன்கிட்ட யார் கேட்பா?

இந்த மழைக்கு முன்னாடி உங்க தோட்டத்து நாசிலையும் வால்வையும் உர அறையில இருந்து எடுத்து வேற இடத்துல மாத்தி வைங்க. உங்க வீட்டுப் பெரியவங்களும் பித்தளையைப் பத்தி ஏதாவது சொல்லியிருந்தா எழுதுங்க. அடுத்த பதிவுல பார்க்கலாம்.